கரு கலைந்த பிறகு: காத்திருப்பதா, காரணம் தேடுவதா, ஐவிஎஃப் போவதா?

கரு கலைந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், அதற்குள் வீட்டில் இரண்டு விதமான பேச்சு தொடங்கிவிடும். "உடம்பு தேறட்டும், ஒரு வருஷத்துக்கு எதையும் நினைக்காதே" என்பார் அம்மா. "வயசு போகுது, பேசாம ஐவிஎஃப் போயிடு" என்று அண்ணி ஒரு கிளினிக்கின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பார். இருவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவருக்குச் சரியான ஆலோசனை இன்னொருவருக்குக் காலத்தையும் பணத்தையும் தின்றுவிடும்.

நான் மருத்துவர் இல்லை. கோலாலம்பூரில் வசிக்கிறேன். கருவை இழந்து, பிறகு சிகிச்சைக்குப் போனவள். அப்போது படித்ததையும் கேட்டதையும் இன்று அதே இடத்தில் நிற்கும் பெண்களுக்காக ஒப்பிட்டு எழுதுகிறேன். என் தீர்ப்பும் இதில் கலந்திருக்கும். உங்கள் ஸ்பெஷலிஸ்ட்டிடம் பேசுவதற்கு இது ஒரு தயாரிப்பாக இருந்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உங்களுக்குக் கரு உண்டாவதே கடினமாக இருக்கிறதா, அல்லது உண்டான கரு தங்காமல் போகிறதா? நம் பேச்சில் இரண்டையும் "குழந்தை நிற்கவில்லை" என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மருத்துவத்தில் இவை இரண்டும் வேறு வேறு. ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உண்டான கருவைக் கருப்பையில் வைப்பது, முதல் பிரச்சினைக்காக உருவான சிகிச்சை. மாதக்கணக்கில் முயன்றும் கரு உண்டாகாதவருக்கு அது வழி திறக்கும். இரண்டு மூன்று மாதத்தில் இயல்பாகக் கருத்தரித்து, எட்டாவது வாரத்தில் இழக்கிறவருக்கு, அது அவர் ஏற்கெனவே தாண்டிவிட்ட படியைத்தான் மறுபடி தாண்ட வைக்கிறது. என் தோழிகளில் பலரும் இந்த வித்தியாசத்தைப் பணம் கட்டிய பிறகே கேள்விப்பட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறாத விஷயம் இது.

காத்திருந்து இயல்பாக முயல்வது

ஒரே ஒரு முறை, முதல் மூன்று மாதத்துக்குள் கரு கலைந்திருக்கிறது. வயது 35-க்குக் கீழ். கருத்தரிக்க அதிகக் காலம் ஆகவில்லை. இப்படிப்பட்டவருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் மறுபடி முயல்வதுதான் நல்ல வழி. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. ஆரம்ப வாரங்களில் கலைவதில் சுமார் பாதிக்கு, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழைதான் காரணம். முட்டையும் விந்தணுவும் சேரும் நேரத்தை ஒட்டியே அது நடந்து முடிந்துவிடுகிறது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனதால், அரிசி மூட்டையைத் தூக்கியதால், அன்னாசி சாப்பிட்டதால் என்று வீட்டில் சொல்லப்படும் எதுவும் அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. இதை மாமியாரிடம் சொல்ல முடியாவிட்டாலும் கணவரிடமாவது சொல்லுங்கள். அவர் மனத்திலும் அந்தச் சந்தேகம் இருக்கலாம்.

எவ்வளவு காலம் காத்திருப்பது? உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய நிபுணர் குழு குறைந்தது ஆறு மாதம் என்றது. இங்கே இன்றும் அதையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் கருத்தரித்தவர்களுக்கு அடுத்த கருவும் கலையும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இழப்புக்குப் பின் மூன்று மாதத்துக்குள் முயலத் தொடங்கியவர்களில் 53 விழுக்காட்டினரும், அதற்கு மேல் காத்திருந்தவர்களில் 36 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றார்கள். சீக்கிரம் முயன்றவர்கள் முதலிலிருந்தே ஆரோக்கியமாக இருந்திருக்கலாம் என்பதால், அவசரப்பட்டால்தான் குழந்தை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உடம்புக்காக மட்டும் ஆறு மாதம் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஒரு மாதவிலக்கு வந்துபோனால் அடுத்த கர்ப்பத்தின் வாரக்கணக்கைச் சரியாகப் போட வசதியாக இருக்கும்.

கட்டாயம் காத்திருக்க வேண்டியவர்களும் உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக (கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு திராட்சைக் கொத்துபோல் வளரும் நிலை) இருந்தால் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு முழுக்க இறங்கி, மருத்துவர் கண்காணிப்பை முடிக்கும்வரை கருத்தரிக்கக் கூடாது. குழாயில் கரு தங்கி மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டிருந்தால் பொதுவாக மூன்று மாதம். பெரிய மாதத்தில் குழந்தையை இழந்தவர்கள், வயிற்றை அறுத்து எடுத்தவர்கள் எல்லாம் வேறு கணக்கு. இவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் காலத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

மனத்தின் கணக்கும் தனி. 2020-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஆரம்ப கால இழப்பைச் சந்தித்த பெண்களில் 29 விழுக்காட்டினருக்கு ஒரு மாதம் கழித்தும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 விழுக்காட்டினருக்கு நீங்கவில்லை. "அடுத்தது வந்தா எல்லாம் மறந்துடும்" என்று சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவையைக் கூப்பிடலாம். அழுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகக் கூப்பிட்டாலும் தப்பில்லை.

முதலில் காரணத்தைத் தேடுவது

இரண்டு முறை இழந்தவர்களுக்கு என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். மூன்று முறை ஆகட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியோ இரண்டு இழப்பையே தொடர் கருச்சிதைவாகக் கணக்கில் எடுக்கிறது. இரண்டே போதும், பரிசோதனையைக் கேளுங்கள்.

எதைக் கேட்பது? ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கான ரத்தப் பரிசோதனைதான் இதில் முக்கியம். ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். அது இருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். காரணம் தெரிந்து, அதற்கென்றே மருந்தும் இருக்கும் நிலை இது. இப்படி ஒரு பெண், பரிசோதனை எடுக்காமல் ஐவிஎஃப் செய்தால், நல்ல கருவைக் கருப்பையில் வைத்தும் இழக்க நேரிடலாம்.

அடுத்து தைராய்டும் சர்க்கரையும். சர்க்கரையைப் பற்றி நம் சமூகத்தில் வெளிப்படையாகவே பேச வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18.3. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை கரு கலையும் ஆபத்தையும், குழந்தையின் உறுப்புகளில் குறை ஏற்படும் ஆபத்தையும் கூட்டுகிறது. முப்பது வயதுதானே என்று, கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இந்தத் தேடலைத் தொடங்கிவிடலாம். நீரிழிவு இருந்தால் ஃபோலிக் அமிலம்கூட வழக்கமான 400 மைக்ரோகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் கொடுப்பார்கள்.

கருப்பையின் வடிவத்தைப் பார்க்க 3டி ஸ்கேன். நடுவே தடுப்புச் சுவர் இருந்தால் அதை வெட்டி எடுப்பது நல்லதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2021-இல் வெளியான ஒரு சீரற்ற ஒப்பீட்டு ஆய்வில் அறுவையால் பலன் தெரியவில்லை. அதனால் "சின்ன ஆப்பரேஷன்தான்" என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யலாமா என்றும் கேட்கலாம். தொடர்ந்து இழக்கும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேரில், ஒருவருடைய குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார். கருவில்தான் அது வெளிப்படும்.

கணவருக்கும் பரிசோதனை உண்டு. விந்தணு எண்ணிக்கை மட்டும் போதாது. புகைபிடிக்கும் பழக்கம், அதிக எடை, விந்தணுவின் டிஎன்ஏ சிதைவு ஆகியவையும் கரு கலைவதோடு தொடர்புள்ளவை. பெண்ணை மட்டும் படுக்க வைத்து எல்லா ஊசியும் குத்திவிட்டு, ஆணிடம் ஒரு கேள்விகூடக் கேட்காத கிளினிக்கை நான் நம்ப மாட்டேன்.

மறுபடி இழப்பு நேர்ந்தால், வெளியேறிய திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அப்போதே கேட்க வேண்டும். கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி முடிந்தபின் கேட்டால் காலம் கடந்திருக்கும். அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாது, கணவர் கேட்கட்டும். குரோமோசோம் பிழை என்று வந்தால், உங்கள் உடம்பு அந்தக் கருவைத் தள்ளிவிட்டது என்ற எண்ணம் விலகும். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் மலாய், சீன சமூகங்களைவிட நம்மவர்களிடம் அதிகம். நீங்கள் அந்த வகை என்றால், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்றும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

இந்த வழியின் குறையைச் சொல்லாமல் விட முடியாது. எல்லாம் எடுத்துப் பார்த்தும் சுமார் பாதிப் பேருக்குக் காரணம் கிடைக்காது. "எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி அழுதவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் அது நல்ல செய்தி. காரணம் தெரியாமல் தொடர்ந்து இழந்தவர்களிலும் பெரும்பாலோர், வயது அதிகமில்லை என்றால், சிகிச்சையே இல்லாமல் அடுத்தடுத்த கர்ப்பத்தில் குழந்தை பெறுகிறார்கள்.

மாத்திரையும் ஐயுஐயும்

மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்கள் ஐவிஎஃப்புக்குத் தாவுவதற்கு முன் லெட்ரோசோல் மாத்திரையில் முட்டை வெளிப்படுகிறதா என்று பார்ப்பது நியாயம். செலவு குறைவு, உடம்புக்குச் சிரமமும் குறைவு. ஐயுஐ என்பது சுத்தம் செய்த விந்தணுவைச் சரியான நாளில் கருப்பைக்குள் வைப்பது. விந்தணுவின் வேகம் சற்றுக் குறைந்திருந்தால், அல்லது தாம்பத்தியத்தில் சிரமம் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. ஒரு சுற்றில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அளவுதான் கர்ப்பம் உண்டாகும். எளிதில் கருத்தரித்து இழக்கிறவர்களுக்கு ஐயுஐ எதையும் கூட்டித் தராது. 38 வயதுக்கு மேல் ஐயுஐயிலேயே ஒரு வருடத்தைக் கழிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐவிஎஃப்

பல வருட முயற்சிக்குப் பிறகு வந்த ஒரே கர்ப்பமும் கலைந்துவிட்டவர்கள், குழாய் அடைப்பு உள்ளவர்கள், விந்தணு மிகவும் குறைந்தவர்கள், 38 அல்லது 40 வயதைத் தொட்டவர்கள் ஐவிஎஃப்பைத் தள்ளிப் போடக் கூடாது. இவர்கள் காரணம் தேடும் பரிசோதனைகளையும் இதையும் சேர்த்தே நடத்தலாம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று வரிசை கட்ட வேண்டியதில்லை.

வயதைப் பற்றி மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். நார்வேயின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில் 25 முதல் 29 வயதுப் பெண்களில் கரு கலையும் விகிதம் 10 விழுக்காடு, 45-க்கு மேல் 53. முட்டைக்கும் பெண்ணின் வயதுதான். ஐவிஎஃப் மருந்துகள் அதிக முட்டைகளை வளர்த்தெடுக்கும், முட்டையை இளமையாக்காது. பிரிட்டனில் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கருப்பையில் வைத்த ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறந்த விகிதம் 18–34 வயதில் சுமார் 35 விழுக்காடு, 43–44 வயதில் 5 விழுக்காடு. ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையின் எண்ணைப் பார்த்து மனம் உடைகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது மிச்சமுள்ள முட்டைகளின் எண்ணிக்கைக்கு ஓர் அடையாளம். அவற்றின் தரத்தைச் சொல்லாது. 29 வயதில் ஏஎம்எச் குறைவாக உள்ளவரின் முட்டை 29 வயது முட்டைதான்.

விளம்பரத்தில் போடும் வெற்றி விகிதத்தைக் கவனமாகப் படியுங்கள். பல இடங்களில் அது கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆன விகிதமாகவோ, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த விகிதமாகவோ இருக்கும். பாசிட்டிவ் வந்தும் இழந்தவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்? "என் வயதுப் பெண்களில், தொடங்கிய சுற்றுகளில் எத்தனை, குழந்தை பிறப்பதில் முடிந்தன?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் இடத்தில் மேற்கொண்டு பேசலாம்.

கருவைச் சோதித்து வைப்பது பற்றி

கருச்சிதைவுக்குப் பிறகு கிளினிக்குக்குப் போனால் பிஜிடி-ஏ என்ற பெயர் சீக்கிரமே காதில் விழும். ஐந்தாவது, ஆறாவது நாள் கருவின் வெளிப்புறத்திலிருந்து சில செல்களை எடுத்து, குரோமோசோம் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார்கள். கரு உறைய வைக்கப்படும். ரிசல்ட் வந்த பிறகு நல்லதை மட்டும் வைப்பார்கள். கேட்டவுடன் நமக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருக்கும். பாதி இழப்புக்குக் காரணம் குரோமோசோம் என்றால், அதைச் சோதித்து வைத்தால் முடிந்துவிடுமே!

2021-இல் சீனாவில் 1,212 பெண்களிடம் நடந்த பெரிய ஒப்பீட்டைப் பாருங்கள். எல்லோருக்கும் வயது 37-க்குள், குறைந்தது மூன்று நல்ல கருக்கள் இருந்தன. சோதித்து வைத்தவர்களில் 77.2 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள். சோதிக்காமல் ஒவ்வொன்றாக வைத்தவர்களில் 81.8 விழுக்காட்டினர். கரு கலைந்தது மட்டும் சோதித்தவர்களிடம் சற்றுக் குறைவு, 8.7-க்கு 12.6. அதாவது சோதனை ஒரு நல்ல கருவைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருப்பதை வரிசைப்படுத்துகிறது. சில நேரம், வைத்திருந்தால் வளர்ந்திருக்கக்கூடிய கருவையும் ஒதுக்கிவிடுகிறது.

ஆனாலும் நான் இதை முழுக்க ஒதுக்க மாட்டேன். 39 வயதில், ஏற்கெனவே பலமுறை இழந்து, இன்னொரு டி அண்ட் சி தாங்காது என்ற நிலையில், கையில் நாலைந்து கருக்களும் இருந்தால், கலையும் வாய்ப்பைக் குறைக்கக் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஒன்றோ இரண்டோ கரு மட்டும் உள்ளவருக்கு, சோதனை முடிவில் வைக்க எதுவுமே இல்லை என்று வரலாம். அந்தத் தொலைபேசி அழைப்புக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் இடமாற்றம் உறுதியாகியிருந்தால் அதற்கென்றே வேறு வகைச் சோதனை உண்டு. அங்கே இதன் பயன் தெளிவானது.

கூடவே விற்கப்படும் மற்றவை? இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசல் டிரிப், நோய் எதிர்ப்புச் செல்களைப் பார்க்கும் என்கே செல் பரிசோதனை, "எதற்கும் இருக்கட்டும்" என்று போடும் ஹெப்பாரின் ஊசி. இவற்றுக்கு நான் பணம் தர மாட்டேன். ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்குக்கூட ஹெப்பாரினால் குழந்தை பிறப்பது கூடவில்லை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆன்டிபாஸ்போலிப்பிட் உள்ளவர்களின் கதை வேறு, மேலே சொன்னேன்.

புரோஜெஸ்டரோன் பற்றி மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. காரணம் தெரியாமல் தொடர்ந்து இழந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த 2015 ஆய்வில் பலன் இல்லை. 2019-இல் வந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு மூன்று அல்லது அதற்கு மேல் இழந்து, இப்போதைய கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்ட பெண்களில், மருந்து எடுத்தவர்களில் 72 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள், எடுக்காதவர்களில் 57. ஒருமுறை இழந்து இப்போது கசிவு உள்ளவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பிரிட்டனின் வழிகாட்டி 2021-இல் மாறியது. விலை உயர்ந்த மருந்தும் இல்லை. கசிவு கண்டால் "ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கிளினிக் கெசிஹாத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்கி துங்கு அசிசா மருத்துவமனைக்குப் போகலாம். லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகிய பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் கருத்தரிப்பு சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. ஜாலான் ராஜா லாவுட்டில் உள்ள தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தை, அதாவது எல்பிபிகேஎன்-ஐ நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆலோசனை, அடிப்படைப் பரிசோதனை, ஐயுஐ எல்லாம் அங்கே நியாயமான கட்டணத்தில் கிடைக்கும். பினாங்கில் தொடக்கப் பரிசோதனைகளுக்குப் பினாங்கு மருத்துவமனை. அரசாங்க ஐவிஎஃப்புக்கு அலோர் ஸ்டாரின் சுல்தானா பஹியா மருத்துவமனையை விசாரிக்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் அலோர் ஸ்டாருக்குப் போகிறது.

அரசாங்க இடத்தின் பலம் விலையும், தேவையில்லாததை விற்க மாட்டார்கள் என்ற நிம்மதியும். பலவீனம் காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவரிடம் கதையை முதலிலிருந்து சொல்வது. கருவை இழந்த கதையை அப்படித் திரும்பத் திரும்பச் சொல்வது எவ்வளவு வலி என்பது சொன்னவர்களுக்குத்தான் தெரியும். நடந்ததைத் தேதியோடு ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாய் திறக்க வேண்டியிருக்காது. தனியாரில் ஒரு சுற்று ஐவிஎஃப்புக்கு 15,000 முதல் 25,000 ரிங்கிட் வரை, மருந்து கூடினால் அதற்கு மேலும் ஆகும். கருவைச் சோதிப்பது, உறைய வைப்பது, பிறகு எடுத்து வைப்பது எல்லாம் தனித்தனி பில். மொத்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். என் கருத்து: காரணம் தேடும் பரிசோதனைகளை 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அரசாங்கத்தில் செய்யலாம், 38-க்கு மேல் உள்ளவர்கள் வரிசை நீளமென்றால் தனியாரில் சோதனையை முடித்துக்கொண்டு, ரிப்போர்ட்டோடு இரண்டு பக்கமும் விசாரிக்கலாம்.

பெரும்பாலான மெடிக்கல் கார்டு காப்புறுதிகள் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தராது. ஆனால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து ஐயுஐ, ஐவிஎஃப், இக்ஸி (விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது) ஆகியவற்றுக்கு மருத்துவச் செலவாக எடுக்கலாம். 2024 மே மாதத்துக்குப் பின் அது செஜாத்தெரா கணக்கிலிருந்து வரும். திருமணப் பதிவு வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதிவைத் தள்ளிப் போட்டவர்கள் முதலில் அதை முடிக்கவும். வருமான வரியில் 2023 கணக்காண்டிலிருந்து, கடும் நோய்ச் செலவோடு சேர்த்து 10,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ரசீதுகளை வைத்திருங்கள்.

விடுப்பையும் யோசிக்க வேண்டும். வேலைச் சட்டத்தில் 98 நாள் மகப்பேறு விடுப்பு 22 வாரத்துக்குப் பிந்தைய பிரசவத்துக்கே. அதற்கு முன் இழந்தவர்களுக்கு எம்சி என்ற மருத்துவ விடுப்பு மட்டும்தான். ஐவிஎஃப் ஊசி நாட்களில் காலை ஸ்கேன் அடிக்கடி இருக்கும். வீட்டுக்கு அருகில் ஒரு சாதாரண கிளினிக்கும், நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டிய புகழ்பெற்ற கிளினிக்கும் இருந்தால், தரம் சமம் என்று தெரிந்தபின் அருகில் உள்ளதையே எடுப்பேன்.

நாள் பார்க்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. தைப்பூசத்தில் பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வரும் பெற்றோரைப் பார்த்து வேண்டிக்கொள்ளாத பெண் நம்மில் யார்? நானும் வேண்டினேன். ஆனால் முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். ராகு காலத்துக்காக அதைத் தள்ள முடியாது. நல்ல நாள் பார்ப்பதென்றால் சிகிச்சையைத் தொடங்கும் மாதத்துக்குப் பாருங்கள். சிகிச்சை நடக்கும்போது நாட்டு மருந்து, சின்சே (சீன வைத்தியர்) மருந்து எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம்.

ஐவிஎஃப்பிலேயே கருவை இழந்தவர்களுக்கு உறைந்த கரு மிச்சமிருந்தால், எச்சிஜி முழுக்க இறங்கி ஓரிரு மாதவிலக்கு வந்தபின் பொதுவாக அடுத்ததை வைக்கலாம். அந்த இடைவெளியை, எடுக்காமல் விட்ட பரிசோதனைகளை முடிக்கப் பயன்படுத்துங்கள். மறுபடி அதே மருந்து, அதே முறை என்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எந்த வழியில் போனாலும், அடுத்த கர்ப்பம் உறுதியாகும் முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துவையுங்கள். ஆறு அல்லது ஏழாவது வாரத்தில் முதல் ஸ்கேன் யார் எடுப்பார்கள், ரத்தக்கசிவு கண்டால் ராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிடுவது, ஆஸ்பிரினும் ஊசியும் தேவைப்படுகிறவர்கள் எந்த நாளில் தொடங்குவது, வேலையிடத்தில் யாரிடம் மட்டும் சொல்வது என்று எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டுகளின் நகல் ஒன்று உங்கள் பையிலும், ஒன்று கணவரின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.